போத்தல்ல குளூட்டன் ஃப்ரீன்னு இருந்தா என்ன அர்த்தம்? பேன்கேக் சிரப் வாங்குறவங்களுக்கு

அக்கா மகனுக்கு சீலியாக் நோய்னு, அதாவது கோதுமை, பார்லி, ரை தானியங்கள்ல இருக்கிற குளூட்டன்ங்கிற புரதம் குடலுக்கு ஆகாத நோய்னு தெரிஞ்சதுல இருந்து எங்க வீட்டுல கோதுமை மா ரொட்டி இல்ல, பாணும் இல்ல. தோட்டத்துல வளந்தவங்களுக்கு இது எவ்வளவு பெரிய மாத்தம்னு தெரியும், காலையிலயும் ரொட்டி, மலைக்கு கட்டிட்டு போறதும் ரொட்டிதான். இப்ப புள்ளைக்கு அரிசி மாவும் குரக்கன் மாவும் கலந்து பேன்கேக் சுட்டு குடுக்கிறோம். மாவுல குழப்பம் இல்ல, மேல ஊத்துற சிரப்புலதான் குழப்பமே, ஹட்டன் டவுன்ல வாங்குற போத்தல் ஒரு மாதிரி, டுபாய்ல இருந்து வர்றவங்க கொண்டு வர்றது வேற மாதிரி.

முதல்ல குளூட்டன் ஃப்ரீங்கிற வார்த்தைக்கு ஒரு அளவு இருக்கு. சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் சொல்றது, ஒரு கிலோ சாப்பாட்டுல 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருந்தா குளூட்டன் ஃப்ரீன்னு போடக்கூடாது. அமெரிக்காவுல 2013ல வந்த விதியும் ஐரோப்பாவுல இருக்கிற விதியும் இதே அளவுதான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல இன்னும் இறுக்கம், டெஸ்ட்ல குளூட்டன் தெரியவே கூடாது. ஆனா அப்படி போடணும்னு கம்பனிக்கு கட்டாயம் இல்ல, போட்டா அந்த அளவுக்குள்ள இருக்கணும், அவ்வளவுதான். அதனால லேபல்ல அந்த வார்த்தை இல்லன்னா உடனே ஆகாதுன்னு தூக்கி வைக்க வேணாம், சேர்மானத்தை வாசிங்க.

அமெரிக்க போத்தல்லதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. அங்க 2004ல வந்த அலர்ஜி சட்டப்படி கோதுமை இருந்தா பேர் சொல்லி எழுதியே ஆகணும், ஆனா பார்லியும் ரை தானியமும் அந்த கட்டாயப் பட்டியல்ல இல்ல. அப்ப கோதுமை இல்லன்னு பாத்து சந்தோசப்பட்டு வாங்கிட்டு வந்தா உள்ள பார்லி இருக்கலாம், அதுலயும் குளூட்டன் இருக்கு. அது பெரும்பாலும் மோல்ட்ங்கிற (முளைக்க வச்ச பார்லி) பேர்லதான் வரும், மோல்ட் எக்ஸ்ட்ராக்ட், மோல்ட் சிரப், மோல்ட் ஃப்ளேவரிங்னு. இதுல எதைக் கண்டாலும் போத்தலை திரும்ப வச்சிடுங்க. ஐரோப்பிய போத்தல்ல இந்த தலைவலி கம்மி, அங்க கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் எல்லாத்தையும் சேர்மானத்துல தடிச்ச எழுத்து மாதிரி தனியா தெரியுறபடி போடணும்.

சுத்தமான மேப்பிள் சிரப் மேப்பிள் மரத்துச் சாறை காய்ச்சுறது, ஒரு லீட்டருக்கு சுமார் 40 லீட்டர் சாறு வேணும், அதான் அந்த விலை. அதுல குளூட்டன் கிடையாது. விலை குறைஞ்ச பேன்கேக் சிரப் அதிகமும் சோளத்துல எடுக்கிற கோர்ன் சிரப்தான், கூட கலரும் வாசமும் சேப்பாங்க, சோளத்தால இந்த நோய்க்கு பயம் இல்ல. பாக்க வேண்டியது அந்த சேத்த சாமான்தான். பிரவுன் ரைஸ் சிரப்னு ஒண்ணு இருக்கு, அரிசின்னு நம்பிடாதீங்க, சில கம்பனி அதை செய்ய பார்லியில எடுத்த என்சைம் போடுறாங்க, அதனால குளூட்டன் ஃப்ரீன்னு போட்டிருந்தா மட்டும் வாங்குங்க. இன்னொண்ணு, குளுக்கோஸ் வேற குளூட்டன் வேற, எங்க அம்மாவே ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு பயந்தாங்க, குளுக்கோஸ்ங்கிறது சீனி வகை.

என்னைக் கேட்டா நம்ம கித்துள் பாணியே போதும். கித்துள் மரத்துப் பூவுல இருந்து எடுக்கிற பதநீரை காய்ச்சுறது, தேங்காய் பாணியும் அப்படித்தான், ரெண்டுலயும் இயற்கையா குளூட்டன் இல்ல. ரோட்டோரத்துல லேபல் இல்லாம விக்கிறதுல சீனி கலப்பாங்க, அது சீலியாக்குக்கு ஒண்ணும் செய்யாது, காசுதான் நட்டம். ஆனாலும் லேபல் உள்ளதா வாங்குங்க, எது கூட கலந்திருக்கோ அது முதல்லயும் குறைஞ்சது கடைசியிலயும் வர்ற மாதிரிதான் சேர்மானம் எழுதணும், அதை வச்சு சீனி எவ்வளவுன்னு ஒரு மதிப்பு வந்துடும்.

லேபல்ல பொய் இருக்குன்னு சந்தேகம் வந்தா போத்தலையும் பில்லையும் வீசாம வச்சிக்கிட்டு உங்க ஏரியா பீஎச்ஐ (பொது சுகாதார பரிசோதகர்) ஐயாகிட்ட போங்க, இலங்கையோட 1980ம் ஆண்டு 26ம் இலக்க உணவுச் சட்டத்துல சாம்பிள் எடுத்து பாக்க அதிகாரம் இருக்கு. நுகர்வோர் அதிகார சபைக்கு 1977க்கு கோல் பண்ணியும் சொல்லலாம், அது உங்க உரிமை, கூச்சப்பட ஒண்ணுமில்ல.

வீட்டுல அந்த புள்ளைக்குன்னு தனி போத்தல் வைங்க. ரொட்டித் துண்டு ஒட்டுன கரண்டியை அதுக்குள்ள விட்டா எவ்வளவு லேபல் பாத்து வாங்கியும் பிரயோசனம் இல்ல. இன்னும் டெஸ்ட் எடுக்காம சந்தேகத்துல இருக்கிறவங்க தயவுசெஞ்சு கோதுமையை நீங்களா நிப்பாட்டிடாதீங்க, நிப்பாட்டிட்டு ரத்தம் குடுத்தா நோய் இருந்தும் ரிப்போர்ட்ல இல்லன்னு வந்துடலாம், முதல்ல கிளினிக்ல காட்டுங்க.