அலுவல் பதிவுத் தரவு: ஒரு சொல் விளக்கம்

குழந்தை நலம், குடும்ப நலம் பற்றிய ஆய்வுகளில் 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் டேட்டா' என்ற தொடர் அடிக்கடி வருகிறது. தமிழில் 'நிர்வாகத் தரவு' என்று எழுதிவிடுகிறோம். படிப்பவர் அதை நிர்வாகத்தைப் பற்றிய தரவு, அதாவது எத்தனை ஊழியர், எவ்வளவு செலவு என்பது போன்ற கணக்கு என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. பொருள் அதுவல்ல.

ஓர் அலுவலகம் தன் அன்றாட வேலைக்காக எழுதிவைத்த பதிவுகளைப் பின்னாளில் ஓர் ஆய்வாளர் வேறொரு கேள்விக்குப் பயன்படுத்துகிறார். அந்தப் பதிவுகளுக்குத்தான் இந்தப் பெயர். சான்றிதழ் தருவதற்காகப் பிறப்பைப் பதிகிறார்கள். கட்டணக் கணக்குக்காக மருத்துவமனையில் அனுமதியைப் பதிகிறார்கள். பள்ளி வருகை, தடுப்பூசி, மகப்பேற்று உதவித்தொகை எல்லாமே அப்படித்தான். ஆய்வை மனத்தில் வைத்து இவற்றில் எதையும் யாரும் எழுதவில்லை. சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

சரி, சொற்பிறப்புக்கு வருவோம். 'டேட்டா' லத்தீன் சொல். 'கொடுக்கப்பட்டது' என்று பொருள்படும் 'டேட்டம்' என்பதன் பன்மை. நம் 'தரவு' என்ற சொல்லும் 'தா' என்ற வினையின் வழியே வந்தது. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றுதான் பெயர். பழைய சொல் புதுப்பொருளுக்கு இவ்வளவு இயல்பாகப் பொருந்துவது அரிது, அதனால் அதில் கை வைக்க வேண்டியதில்லை. சிக்கல் முன்பாதியில்தான். 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்' என்பதன் லத்தீன் வேருக்குப் பணிவிடை செய்தல் என்று பொருள். 'நிர்வாகம்' வடமொழிச் சொல். 'ஆட்சித் தரவு' என்றால் அரசியல் வாடை வீசுகிறது. 'இரண்டாம்நிலைத் தரவு' என்பதோ வேறு, அதைவிட அகன்ற சொல்: ஆய்வுக்கென்றே எடுத்த பழைய கணக்கெடுப்பை இன்னொருவர் மறுபடி பயன்படுத்தினாலும் அது இரண்டாம்நிலைதான். என் தேர்வு 'அலுவல் பதிவுத் தரவு'. அலுவலின்போது பதிவாகிப் பிறந்த தரவு என்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

பெயர் புதிது, வழக்கம் பழையது. 1662-இல் ஜான் கிராண்ட் என்ற லண்டன் வணிகர், கொள்ளைநோயைக் கண்காணிக்க வாரந்தோறும் வெளியான சாவுப் பட்டியல்களை எடுத்துவைத்துக்கொண்டு, நூறு குழந்தைகளில் ஏறக்குறைய 36 பேர் ஆறு வயதுக்குள் இறக்கிறார்கள் என்று கணித்தார். 1946-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஹால்பர்ட் டன், ஒருவரின் பிறப்பு முதல் இறப்பு வரை சிதறிக்கிடக்கும் பதிவுகளை ஒன்றுசேர்க்கும் வேலைக்குப் 'பதிவு இணைப்பு' என்ற கருத்தை முன்வைத்தார். தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் கை கால் குறைபாடுகளோடு பிறந்த துயரத்துக்குப் பிறகு, 1967-இல் நார்வே தன் மருத்துவப் பிறப்புப் பதிவேட்டைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே டென்மார்க் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தது. அந்த எண் இருந்ததால்தான் 2002-இல் 5,37,303 டேனிஷ் குழந்தைகளின் தடுப்பூசிப் பதிவையும் நோயறிதல் பதிவையும் இணைத்து, தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தென்படவில்லை என்று காட்ட முடிந்தது. வீடு வீடாகப் போய்க் கேட்டு இத்தனை குழந்தைகளைப் பின்தொடர்வது நடக்கிற காரியமா?

அப்படி ஓர் எண் இல்லாத இடங்களில் இணைப்பு எவ்வளவு நுட்பமான வேலை என்று பாருங்கள். பிறந்த அன்று மருத்துவமனைப் பதிவில் குழந்தைக்குப் பெயர் இருக்காது, 'இன்னாரின் குழந்தை' என்றுதான் இருக்கும். சில வாரம் கழித்துப் பிறப்புப் பதிவில் ஒரு பெயர் வரும். தடுப்பூசி ஏட்டில் அதே பெயர் ஓர் எழுத்து மாறி நிற்கும். பள்ளிப் பதிவில் தேதியும் மாதமும் இடம் மாறியிருக்கும். நடுவில் குடும்பம் வீடு மாறியிருக்கும். இரட்டைக் குழந்தைகள் என்றால் இன்னும் கடினம். பிறந்த நாள், தாயின் பெயர், முகவரி எல்லாம் ஒன்று, சில சமயம் பாலினமும் ஒன்று. ஆகவே நிகழ்தகவுக் கணக்குப் போட்டு, இந்த இரு பதிவுகளும் ஒரே குழந்தைக்கு உரியவையாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிடுகிறார்கள். அதிலும் அடிக்கடி வீடு மாறும் குடும்பங்களின் பதிவுகள்தான் இணையாமல் விடுபட்டுப்போகும். உதவி அதிகம் தேவைப்படும் குழந்தைகளே கணக்கிலிருந்து நழுவிவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகவும் உறுத்தலான விஷயம்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. இந்தத் தரவு நோயை நேராக அளப்பதில்லை, சேவையோடு ஏற்பட்ட தொடர்பை அளக்கிறது. மருத்துவமனைப் பதிவில் ஒரு குழந்தைக்கு ஆஸ்துமா இல்லை என்றால், அதற்கு நோய் இல்லை என்றும் இருக்கலாம், யாரும் கூட்டிப்போகவில்லை என்றும் இருக்கலாம். நோய்க் குறியீட்டு முறை மாறிய ஆண்டில் ஒரு நோய் திடீரென்று கூடியதுபோல் தெரியும். பிறப்புப் பதிவில் தந்தையின் பெயர் இல்லாவிட்டால், ஆய்வில் அந்தக் குடும்பத்துக்குத் தந்தையே இல்லாமல் போய்விடும். மறுபக்கம், கேள்வித்தாள் ஆய்வில் வருவதுபோல நினைவுப் பிழையோ பாதியில் விலகலோ இதில் பெரிதாக இல்லை.

பெரும்பாலும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒப்புதல் கேட்காமல்தான் இந்த ஆய்வுகள் நடக்கின்றன. அதனால்தான் பெயர், முகவரியைப் பார்த்துப் பதிவுகளை இணைப்பவரிடம் மருத்துவ விவரம் போகாது, மருத்துவ விவரத்தை ஆராய்பவரிடம் பெயர் போகாது என்ற பிரிப்பு விதியை வைத்திருக்கிறார்கள். அப்படி வரும் தொகுப்பை 'அடையாளம் நீக்கிய தரவு' என்று எழுதலாம். 'அநாமதேயத் தரவு' என்று எழுதுவது சரியில்லை. பெயரை எடுத்த பிறகும் பிறந்த மாதம், ஊர், அரிய நோய் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு குழந்தையைக் கண்டுபிடித்துவிட வாய்ப்பிருக்கிறது.