மாதம் கட்டுகிற ஒரு சதவீதம்: தென்னாப்பிரிக்காவின் ஸ்கில்ஸ் லெவி எங்கே போகிறது, எப்படித் திரும்பும்?

டர்பனில் சின்னக் கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கணக்கு எழுதுவது என் வேலை. ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் சார்ஸுக்கு, அதாவது வரித்துறைக்கு, இஎம்பி 201 என்ற மாதாந்திரச் சம்பளக் கணக்குப் படிவம் போயாக வேண்டும். அதில் சம்பள வரி, யூஐஎஃப் என்ற வேலையின்மைக் காப்பீடு, எஸ்டிஎல் என்று மூன்று தொகைகள் வரும். முதல் இரண்டைப் பற்றி முதலாளிகள் துருவித் துருவிக் கேட்பார்கள். மூன்றாவதைக் கேட்டால், "அது ஏதோ கவர்மென்ட் காசு, கட்டிவிடுங்க அக்கா" என்பதோடு முடிந்துவிடும்.

அந்த எஸ்டிஎல் என்பதுதான் ஸ்கில்ஸ் டெவலப்மென்ட் லெவி. உங்கள் ஆட்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கவும், சூப்பர்வைசர்களை உருவாக்கவும் என்று சொல்லி உங்களிடமே வசூலிக்கிற பணம். அதில் ஒரு பங்கைத் திரும்பக் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. கேட்காதவர்களின் பங்கு அடுத்தவர்களுக்குப் போய்விடும்.

1998இல் திறன் மேம்பாட்டுச் சட்டம் வந்தது, மறுவருடம் லெவிச் சட்டம். ஏப்ரல் 2000 முதல் சம்பளத் தொகையில் அரை சதவீதம், ஏப்ரல் 2001 முதல் ஒரு சதவீதம் என்று வசூல் நடக்கிறது. கொரோனா காலத்தில், 2020 மே முதல் ஆகஸ்ட் வரை, நான்கு மாதம் மட்டும் விட்டுக்கொடுத்தார்கள்.

யார் கட்ட வேண்டும்? அடுத்த 12 மாதத்தில் மொத்தச் சம்பளச் செலவு 5,00,000 ராண்டைத் தாண்டும் என்று தெரிந்தால் கட்ட வேண்டும். மாதக் கணக்கில் சுமார் 41,700 ராண்ட். மூன்று பேரை வைத்து நடத்தும் டீ ரூம் பெரும்பாலும் இதற்குள் வராது. இருபது மெஷின் ஓடும் தையல் தொழிற்சாலை நிச்சயம் வரும். தாமதமானால் வட்டியோடு 10 சதவீத அபராதமும் சேரும்.

தொழிலாளிகள் கவனிக்க வேண்டியது ஒன்று. யூஐஎஃப்-இல் ஒரு சதவீதம் உங்கள் சம்பளத்தில் பிடிப்பது சரி, முதலாளியும் ஒரு சதவீதம் போடுவார். ஆனால் எஸ்டிஎல் முழுக்க முதலாளியின் செலவு. பே ஸ்லிப்பில் கம்பெனி பங்களிப்பு என்ற பக்கத்தில் அது தெரியலாம், பிடித்தம் என்ற பக்கத்தில் இருக்கவே கூடாது. இருந்தால் சம்பளம் போடுகிறவரிடம் போய்க் கேளுங்கள். அநேகமாக யாரோ சாஃப்ட்வேரில் தப்பான கட்டத்தில் போட்டிருப்பார்கள்.

சரி, பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். மாதம் 2,00,000 ராண்ட் சம்பளம் கொடுக்கிற ஒரு தையல் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். மாத லெவி 2,000, வருடத்துக்கு 24,000. இதில் 20 சதவீதம், அதாவது 4,800 ராண்ட், தேசிய திறன் நிதிக்குப் போகிறது. மீதி 80 சதவீதம் உங்கள் துறையின் செட்டாவுக்குப் போகிறது. செட்டா என்றால் துறைவாரிப் பயிற்சி ஆணையம், நாட்டில் மொத்தம் 21. கடைக்காரர்களுக்கு டபிள்யூ அண்ட் ஆர் செட்டா, துணி, தையல், மரவேலை, அச்சுத் தொழில்களுக்கு எஃப்பி அண்ட் எம் செட்டா, லாரி, பஸ் ஓட்டுகிறவர்களுக்கு டீட்டா. செட்டாவுக்குப் போனதில் 2,520 ராண்ட் நிர்வாகத்துக்கு. 4,800 ராண்ட் 'மேண்டேட்டரி கிராண்ட்', சரியாகக் கேட்டால் உங்களுக்குக் கட்டாயம் தர வேண்டியது. மிச்சம் 11,880 ராண்ட் 'டிஸ்கிரிஷனரி கிராண்ட்' என்கிற பொதுப்பானையில் விழுகிறது. அதிலிருந்து யாருக்குத் தருவது என்பது செட்டாவின் விருப்பம்.

அந்த 4,800 ஒரு காலத்தில் 12,000 ஆக இருந்தது. மேண்டேட்டரி கிராண்ட் முன்பு லெவியில் பாதி. ஏப்ரல் 2013 முதல் அதை 20 சதவீதமாகக் குறைத்தார்கள். முதலாளிகளின் கூட்டமைப்பான பூசா வழக்குப் போட்டது. 2019இல் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் பூசா பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் செட்டாக்கள் 20 என்றே கணக்குப் போட்டு வந்தன.

24,000 கட்டி 4,800 வாங்குவதற்கா இத்தனை பேப்பர் என்று கேட்பீர்கள். என்னிடம் வருகிற எல்லோருமே கேட்கிறார்கள். அந்த 4,800க்காக மட்டும் என்றால் நானே வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்காக அனுப்புகிற அதே காகிதத்தைத்தான் பொதுப்பானையில் கை வைக்கப் போகும்போதும் செட்டா முதலில் பார்க்கும். அதை அனுப்பாத கம்பெனி வரிசையில் நிற்பதே கஷ்டம்.

அந்தக் காகிதத்துக்குப் பெயர் டபிள்யூஎஸ்பி, வேலையிடப் பயிற்சித் திட்டம். வரும் வருடம் யாருக்கு என்ன பயிற்சி தரப்போகிறீர்கள் என்பது அதில் இருக்கும். கூடவே ஏடிஆர், போன வருடம் உண்மையில் என்ன தந்தீர்கள் என்ற அறிக்கை. இரண்டும் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 30க்குள் செட்டாவின் ஆன்லைன் தளத்தில் ஏற வேண்டும். ஏப்ரல் மாதம் நம் ஊரில் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். புனித வெள்ளிக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயில், 14ஆம் தேதியை ஒட்டி வருஷப்பிறப்பு, 27ஆம் தேதி சுதந்திர தினம். ஒரு வருடம் கடைசி நாள் பிற்பகல் நான் உட்கார்ந்தேன். ராத்திரி பதினோரு மணிக்குத் தளம் சுற்றிக்கொண்டே நின்றது. அந்தக் கம்பெனிக்கு அந்த வருடப் பணம் போனது போனதுதான். இப்போதெல்லாம் மார்ச் மாதமே முடித்துவிடுகிறேன். முதன்முறை பதிவு செய்கிற கம்பெனிக்கு மட்டும் பதிவான நாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம் உண்டு.

திட்டத்தை அனுப்ப ஒருவரை ஸ்கில்ஸ் டெவலப்மென்ட் ஃபெசிலிடேட்டர் என்று நியமிக்க வேண்டும். அவர் வெளியாளாக இருக்க வேண்டியதில்லை. சம்பளக் கணக்குப் பார்க்கிற உங்கள் அலுவலகப் பெண்ணே போதும், இரண்டு வருடத்தில் கை பழகிவிடும். வருகிற பணத்தில் பாதியைக் கமிஷனாகக் கேட்கும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். 4,800 ராண்டில் பாதி போனால் உங்களுக்கு என்ன மிஞ்சும்?

இன்னொரு சிக்கல். சார்ஸில் பதிவு செய்யும்போது தொழில் வகைக்கு ஒரு எண் கொடுப்பீர்கள். அதை வைத்துத்தான் செட்டா முடிவாகிறது. மசாலா அரைத்து பாக்கெட் போடுகிற ஒருவர் 'சில்லறை வியாபாரம்' என்று போட்டுவிட்டு, பல வருடம் கடைக்காரர்களின் செட்டாவுக்கே கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பணியாட்களுக்கு வேண்டிய உணவுத் தயாரிப்புப் பயிற்சி அங்கே கிடைக்கவில்லை. மாற்றிக்கொள்ளலாம், நேரம்தான் பிடிக்கும்.

திட்டத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். முதலாளியும் கணக்கரும் உட்கார்ந்து 'கம்ப்யூட்டர் பயிற்சி, முதலுதவி, தீயணைப்பு' என்று நிரப்பி அனுப்பிவிடுவார்கள். 50 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் இது சட்டப்படியே ஆகாது. பயிற்சிக் குழு ஒன்று இருக்க வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் உட்கார வேண்டும். அங்கீகரித்த யூனியன் இருந்தால் அவர்கள் கையெழுத்தும் வேண்டும். சின்ன இடங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் கேட்டுப் பாருங்கள் என்பேன்.

ஏனென்றால் நம் தொழிற்சாலைகளில் சூப்பர்வைசர் எப்படி உருவாகிறார்? சாட்ஸ்வர்த், டோங்காட் பக்கத்துப் பெண்கள் மெஷினில் இருபது வருடம் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் நன்றாகத் தைக்கிறவரை ஒரு நாள் எழுப்பி, "இனி நீங்கதான் இந்த லைனைப் பார்க்கணும் அக்கா" என்பார்கள். தைக்கத் தெரிந்தவருக்கு ஆள் நடத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? நேற்றுவரை பக்கத்து மெஷினில் இருந்தவள் இன்று தாமதமாக வந்தால் எப்படிச் சொல்வது, உற்பத்திக் கணக்கை எப்படி எழுதுவது, ஒழுங்கு நடவடிக்கை என்றால் என்ன, யாரும் சொல்லித்தரவில்லை. அவர் பெயரைத்தான் திட்டத்தில் முதலில் எழுத வேண்டும்.

அவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று லேர்னர்ஷிப். வகுப்பும் வேலையும் கலந்த பயிற்சி. பெரும்பாலும் 12 மாதம். தொழிலாளி, முதலாளி, பயிற்சி நிலையம் மூவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு செட்டாவில் பதிவு செய்ய வேண்டும். முடித்தால் தேசியத் தகுதிச் சட்டகத்தில் ஒரு நிலைக்கான சான்றிதழ் வரும். அந்தச் சட்டகத்தில் மொத்தம் 10 நிலைகள், மெட்ரிக் என்கிற பள்ளி இறுதிச் சான்றிதழ் 4ஆம் நிலை. ஏற்கனவே வேலையில் இருப்பவர் லேர்னர்ஷிப் எடுத்தால் அவருடைய பழைய வேலை ஒப்பந்தமும் சம்பளமும் அப்படியே தொடரும்.

முதலாளிகளுக்குப் பெரிய ஆதாயம் இருப்பது இங்கேதான். வருமான வரிச் சட்டத்தின் 12எச் பிரிவுப்படி, 1 முதல் 6ஆம் நிலை வரையிலான லேர்னர்ஷிப்புக்கு வருடத்துக்கு 40,000 ராண்டும், வெற்றிகரமாக முடித்ததும் இன்னொரு 40,000 ராண்டும் வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளி என்றால் ஒவ்வொன்றும் 60,000. பன்னிரண்டு மாத லேர்னர்ஷிப் ஒன்றுக்கு 80,000 கழிவு என்றால், 27 சதவீதம் கட்டும் கம்பெனிக்கு 21,600 ராண்ட் வரி மிச்சம். லாபமே இல்லாத வருடத்தில் கையில் எதுவும் வராது, இது ரொக்கம் இல்லை என்பதை மறக்க வேண்டாம். மார்ச் 2027 முடிவதற்குள் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களுக்குத்தான் இப்போதைக்கு இந்தச் சலுகை.

பெரிய ஓட்டல் ஹாலில் ஒரு நாள் 'லீடர்ஷிப்' பயிலரங்கு நடத்தி, தேநீரும் சமோசாவும் கொடுத்து, தங்க ஓரம் போட்ட சான்றிதழ் தருவார்கள். அதைத் திட்டத்தில் எழுதலாம். ஆனால் அது லேர்னர்ஷிப் ஆகாது, 12எச்-உம் கிடைக்காது. பணம் கட்டும் முன் அந்தத் தகுதி க்யூசிடிஓ என்ற தொழில் தகுதிக் கவுன்சிலின் கீழ் இன்றும் நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய தகுதிகள் பலவற்றைப் படிப்படியாக மூடி வருகிறார்கள்.

இரண்டாவது வழி ஆர்பிஎல், முன்பே கற்றதை அங்கீகரிப்பது. இருபது வருடமாக லைனை நடத்துகிறவரை மறுபடி முதலாம் பாடத்தில் உட்கார வைப்பது அவருக்கு அவமானம். செய்த வேலைக்கான சான்றுகளைத் தொகுத்து, மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டி, குறைகிற பாடத்தை மட்டும் படித்துத் தகுதி பெறலாம். பள்ளியைப் பாதியில் விட்ட நம் அக்காமார்களுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்று நினைக்கிறேன். ஆனால் தாமாக வந்து கேட்கிறவர்கள் குறைவு.

தொழிலாளி தனியாக முதலாளியிடம் போய் "எனக்குப் பயிற்சி தந்தே ஆக வேண்டும்" என்று சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. அப்படித் தனிமனித உரிமையாக இது எழுதப்படவில்லை. "இந்த வருடத் திட்டத்தில் என் பெயர் இருக்கிறதா?" என்று கேட்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் கேட்டால் சேர்க்க நேரம் இருக்கும்.

பயிற்சிக்கு அனுப்பும்போது சில இடங்களில் 'இத்தனை வருடம் இங்கேயே வேலை செய்வேன், இல்லையென்றால் செலவைத் திருப்பித் தருவேன்' என்று எழுதி வாங்குவார்கள். தொகை எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு, மாதாமாதம் குறையுமா என்று பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். எழுத்தில் உங்கள் சம்மதம் இல்லாமல் அந்தச் செலவைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வேலையில்லாத பிள்ளைகள் லேர்னர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும்போது 'பதிவுக் கட்டணம்' என்று வாட்ஸ்ஆப்பில் யாராவது 300, 500 ராண்ட் கேட்டால் கொடுக்காதீர்கள். லேர்னர்ஷிப்பில் சேருகிற பிள்ளைக்குப் படித்தொகை தர வேண்டியது முதலாளி, பிள்ளையிடம் பணம் வாங்குவது மோசடி.