கஞ்சா: மூளையில் நடப்பதும் சட்டத்தில் இருப்பதும்

1960களின் தொடக்கத்தில் ரஃபேல் மெக்கூலம் என்ற இஸ்ரேலிய வேதியியலாளர் காவல்துறையிடம் கேட்டு 5 கிலோ ஹஷிஷ் (கஞ்சாச் செடியின் பிசின்) வாங்கி, பேருந்தில் தன் ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றார். லெபனானிலிருந்து கடத்தி வரப்பட்டுப் பிடிபட்ட சரக்கு அது. அபினிலிருந்து மார்ஃபீனையும் கோகோ இலையிலிருந்து கோகெய்னையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். கஞ்சாவில் போதை தருவது எது என்பது மட்டும் அதுவரை பிடிபடவில்லை. அந்தச் செடியின் பிசினில் நீரில் கரையாத, ஒன்றுக்கொன்று மிகவும் நெருங்கிய பல பொருள்கள் ஒட்டிக் கிடக்கின்றன. தனித்தனியாகப் பிரிப்பது கடினம். 1964இல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் அதைச் செய்து முடித்தார்கள். அவர்கள் கண்டது டெட்ரா ஹைட்ரோ கன்னாபினால், சுருக்கமாக டி.எச்.சி.

இந்த டி.எச்.சி. கொழுப்பில் கரையும், நீரில் கரையாது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல விஷயங்கள் தானாகவே புரியும்.

சரி, ஒரு செடியின் பிசின் மனித மூளையில் ஏன் வேலை செய்ய வேண்டும்? 1988இல் அமெரிக்காவில் ஆலின் ஹௌலெட்டும் வில்லியம் டிவேனும் மூளைச் செல்களில் டி.எச்.சி. போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பி ஒன்று இருப்பதைக் காட்டினார்கள். இன்று அதன் பெயர் சி.பி.1. செடிக்காக உடல் ஏற்பி வைத்திருக்காது. உடலே தயாரிக்கும் ஏதோ ஒன்றுக்காகத்தான் அது இருக்க வேண்டும். 1992இல் மெக்கூலத்தின் குழு பன்றி மூளையிலிருந்து அந்தப் பொருளையும் பிரித்தது. ஆனந்தம் என்ற சொல்லைக் கொண்டு அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள்.

ஆனந்தமைடும் அதன் கூட்டாளிப் பொருள்களும் செய்யும் வேலை சுவாரசியமானது. வழக்கமாக மூளையில் செய்தி ஒரே திசையில் போகும்: முதல் நரம்புச் செல் ஒரு வேதிப்பொருளை வெளியிடும், அடுத்த செல் அதை வாங்கிக்கொள்ளும். இங்கே நடப்பது தலைகீழ். செய்தி அளவுக்கு மீறி வரும்போது, வாங்கும் செல் இந்தப் பொருளை அப்போதைக்கப்போது தயாரித்து, அனுப்பும் செல்லுக்குத் திருப்பி விடுகிறது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது கடைமடையில் நிற்பவர் மோட்டார் பக்கம் பார்த்து ‘போதும், நிறுத்து’ என்று குரல் கொடுப்பதைப் போல. அந்தக் குரல் போய்ச் சேரும் இடம்தான் சி.பி.1. வேலை முடிந்ததும் நொதிகள் அந்தப் பொருளைச் சட்டென்று சிதைத்துவிடும். எந்த இடத்தில் தேவையோ அங்கே மட்டும், தேவைப்படும் நேரத்துக்கு மட்டும்.

டி.எச்.சி.க்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. ரத்தத்தோடு வந்து மூளை முழுவதும் பரவி, சி.பி.1 இருக்கும் இடங்களில் எல்லாம் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கிறது. போதையில் இருப்பவரிடம் நாம் பார்க்கும் ஒவ்வொன்றும் இதிலிருந்து வருவதுதான். புதிய நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸில் சி.பி.1 ஏராளம், அதனால்தான் பேச்சைத் தொடங்கியவருக்கு நடுவில் எதைச் சொல்ல வந்தோம் என்பது மறந்துபோகிறது. அசைவையும் நேர உணர்வையும் ஒழுங்குபடுத்தும் பகுதிகளிலும் அது நிறைய இருக்கிறது. ஐந்து நிமிடம் அரை மணி நேரமாகத் தோன்றும், பிரேக்கை மிதிக்கத் தாமதமாகும். ‘அடித்துவிட்டு ஓட்டினால் நிதானமாக ஓட்டுவேன்’ என்று சொல்பவர்களை நம்பவே வேண்டாம். பசியைத் தூண்டுவதும் இதே ஏற்பிதான். இதயம் வேகமாகத் துடிக்கும், கண்ணின் ரத்தக் குழாய்கள் விரிந்து சிவக்கும். குறைந்த அளவில் பயத்தைத் தணிக்கும் அதே பொருள், அளவு கூடினால் யாரோ பின்தொடர்கிறார்கள் என்கிற அளவுக்குப் பயத்தைக் கிளப்பும்.

புகைப்பதற்கும் தின்பதற்கும் உள்ள வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை, தெரியாததால்தான் மாட்டிக்கொள்கிறார்கள். புகை நுரையீரல் வழியாகச் சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் பெருமளவு இறங்கிவிடும். கஞ்சா கலந்த சாக்லேட்டாகவோ, கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்காகவோ வயிற்றுக்குள் போனால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. ‘இது வேலை செய்யவில்லை’ என்று நினைத்து இன்னொரு துண்டைத் தின்பார்கள். அதற்குள் கல்லீரல் டி.எச்.சி.யை இன்னும் வீரியமான வேறொரு பொருளாக மாற்றியிருக்கும். அப்புறம் இரண்டும் சேர்ந்து ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆளைப் புரட்டி எடுக்கும். வீட்டில் இருக்கும் குழந்தை அந்தச் சாக்லேட்டைத் தெரியாமல் தின்றுவிட்டால், தட்டி எழுப்ப முடியாத தூக்கத்தோடு மருத்துவமனைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

கொழுப்பில் கரையும் பொருள் உடலின் கொழுப்பில் தங்கி, மெல்ல மெல்லத்தான் வெளியேறும். போதை மாலையோடு இறங்கினாலும், தினமும் புகைத்தவரின் சிறுநீரில் அதன் மிச்சம் வாரக்கணக்கில் தெரிவது இதனால்தான்.

கஞ்சா அடித்தால் செத்துவிடுவாய் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஹெராயின் போன்றவை மூச்சை இயக்கும் மூளைத்தண்டை அழுத்திக் கொல்கின்றன. அந்த இடத்தில் சி.பி.1 மிகக் குறைவு என்பதால் கஞ்சா அப்படி மூச்சை நிறுத்துவது இல்லை. பத்து முறை புகைத்து உயிரோடு இருக்கும் நண்பனைப் பார்க்கிற பதினாறு வயதுப் பையன், நாம் சொன்ன பொய்யோடு சேர்த்து நாம் சொன்ன உண்மையையும் தூக்கிப் போட்டுவிடுவான். அவனுக்குச் சொல்ல வேண்டிய உண்மை வேறு.

மூளை இருபத்தைந்து வயதை ஒட்டும் வரை வளர்கிறது. எந்த இணைப்பு நிலைக்க வேண்டும், எது போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வேலையில் மேலே சொன்ன ‘போதும்’ என்ற குரலுக்கும் பங்கு உண்டு. பதின்வயதில் அதன் மேல் தினமும் டி.எச்.சி.யை ஊற்றுவது, கட்டி முடியாத வேலையில் கை வைப்பது. புகைத்துப் பார்ப்பவர்களில் சுமார் 9 விழுக்காட்டினர் அதற்கு அடிமையாகிறார்கள் என்றும், பதின்வயதில் தொடங்கியவர்களில் அது ஆறில் ஒருவர் என்றும் அமெரிக்க ஆய்வுகள் மதிப்பிட்டிருக்கின்றன.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) பற்றிய கணக்கு இன்னும் கவலை தருவது. ஸ்வீடனில் 1969-70இல் ராணுவப் பயிற்சிக்கு வந்த 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 50 முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைப் போல ஆறு மடங்கு இருந்தது. கஞ்சாதான் முழுக் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மரபணு, குடும்பச் சூழல், மற்ற போதைப்பொருள்கள் எல்லாம் கலந்திருக்கும். புகைப்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதும் இல்லை. ஆனால் குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால், கஞ்சாவைத் தொடவே கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சரக்கின் வீரியமும் பழைய மாதிரி இல்லை. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் 1995இல் டி.எச்.சி. சுமார் 4 விழுக்காடு. 2021இல் 15ஐத் தாண்டிவிட்டது. ‘அந்தக் காலத்துச் சாமியார்கள் புகைக்கவில்லையா’ என்ற வாதம் இங்கே அடிபட்டுப் போகிறது.

மருந்தாகவும் இதற்கு இடம் உண்டு. போதை தராத கன்னாபிடியால் என்ற பொருள், குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு மருந்தாக 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருத்துவர் அளந்து கொடுக்கும் அந்த மருந்துக்கும் தெருவில் விற்கும் பொட்டலத்துக்கும் சம்பந்தமில்லை.

இனிச் சட்டம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் செடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்கிறது. பூவும் காயும் உள்ள நுனிதான் கஞ்சா, பிசின் சரஸ். நுனி சேராத தனி இலையும் விதையும் இந்த வரையறைக்குள் வருவதில்லை. ராஜஸ்தானில் உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் நடப்பது அதனால்தான். இலையைப் பற்றி ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம் இருக்கலாம் என்பதால், ஜெய்சல்மரில் வாங்கியதை ஊருக்குக் கொண்டுவரலாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

தண்டனையைத் தீர்மானிப்பது எடை. கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைவு என்றால் ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதற்கு மேல் 20 கிலோ வரை, பத்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும். 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தபட்சமே பத்தாண்டு, அதிகபட்சம் இருபது. ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம். சரஸுக்கு இந்த எல்லைகள் 100 கிராமும் ஒரு கிலோவும். வேறு பொருளோடு கலந்திருந்தால் கலவையின் மொத்த எடையே கணக்கு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்காமல் புகைத்தால் மட்டும் குற்றமில்லை என்ற நம்பிக்கையும் தவறு. அதற்கும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. நண்பனின் பையை உங்கள் அறையில் வைக்கத் தெரிந்தே இடம் கொடுத்தால், அதுவும் குற்றம்தான்.

வெளிநாட்டில் வேலை செய்யும் நம்மவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கனடா 2018இல் அனுமதித்தது, ஜெர்மனி 2024இல். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்ததாகத் தீர்ப்பான தங்கராஜு சுப்பையா என்ற தமிழர் 2023 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வேறு நாட்டில் புகைத்துவிட்டுத் திரும்பினாலும் அங்கே வழக்கு வரும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவருக்கு வழி இருக்கிறது. தினமும் புகைத்தவர் நிறுத்தினால் தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை, விசித்திரமான கனவுகள் எல்லாம் வரும். முதல் வாரம்தான் கடுமையானது. இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும், தூக்கம் சீராக மட்டும் இன்னும் கொஞ்ச நாள் ஆகலாம். நெடுநாள் பழக்கத்தில் குறைந்துபோன சி.பி.1 ஏற்பிகள் சுமார் நான்கு வாரத்தில் பழைய அளவை நெருங்குவதை மூளைப் படங்களில் பார்த்திருக்கிறார்கள். இதை விடவைக்கத் தனி மாத்திரை எதுவும் இன்னும் இல்லை. ஆற்றுப்படுத்தும் பேச்சுச் சிகிச்சைதான் பலன் தருகிறது. மேலே சொன்ன சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் உள்ள ஒருவர், அடிமையானவராக இருந்து, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு ரத்தாகலாம். எங்கே போவது என்று கேட்க 14446 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.