மருந்தின் விலையை எங்கே, எப்போது கேட்பது?

மருந்துக் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் விலையைப் பற்றிக் கேட்பது பில் கைக்கு வந்த பிறகுதான். கிலோ என்ன விலை என்று கேட்காமல் காய்கறிக் கடையில் பையை நீட்டாதவர்கூட, மாதத்துக்குச் சில ஆயிரம் ரூபாய்க்கு மருந்து வாங்கும்போது சீட்டை நீட்டிவிட்டுப் பேசாமல் நிற்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த மருந்து, எந்தக் கம்பெனியுடையது, எத்தனை நாளைக்கு என்ற மூன்றும் மருத்துவரின் அறையிலேயே முடிவாகிவிடுவதால், கடைக்கு வந்து சேரும்போது அவர் தேர்ந்தெடுக்க எதுவும் மிச்சமிருப்பதில்லை. சில்லறை மருந்து வணிகத்தில் பல ஆண்டுகளாக இருக்கும் மருந்தாளுநர் என்ற முறையில், இந்த விலை எப்படி உருவாகிறது என்பதையும், அதில் எவற்றையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது என்பதையும் எழுதுகிறேன்.

அட்டையில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சில்லறை விலை அரசு நிர்ணயித்தது என்று பலரும் நம்புகிறார்கள். சில மருந்துகளுக்கு மட்டுமே அது உண்மை. மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, 2013-இன்படி, தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு, அதுவும் பட்டியலில் குறித்த வீரியத்திலும் வடிவிலும் இருந்தால்தான், தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விலையை அறிவிக்கிறது. சந்தையில் 1 விழுக்காடோ அதற்கு மேலோ பங்குள்ள பிராண்டுகள் எல்லாம் கடைக்காரருக்கு என்ன விலையில் தரப்படுகின்றன என்று பார்த்து, அவற்றின் சராசரியோடு கடைக்காரரின் லாபமாக 16 விழுக்காட்டைச் சேர்த்தால் வருவதே அந்த உச்சவரம்பு. முந்தைய 1995-ஆம் ஆண்டு ஆணையில் கணக்கு உற்பத்திச் செலவிலிருந்து தொடங்கியது. இப்போது சந்தை விலையிலிருந்து தொடங்குகிறது. எனவே ஒரு மாத்திரையைச் செய்ய என்ன செலவானது என்பதை அட்டையில் உள்ள எண்ணை வைத்து ஊகிக்க முடியாது. 2022-இல் வெளியான பட்டியலில் 384 மருந்துகள் இருக்கின்றன. பட்டியலுக்கு வெளியே உள்ள பெரும்பாலான மருந்துகளுக்கு நிறுவனம் தானே விலை வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு மாதத்துக்குள் அதை 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பதே அங்குள்ள கட்டுப்பாடு.

ஒரே மருந்து பல பெயர்களில் பல விலைகளில் விற்பதற்கான இடம் இங்கேதான் உண்டாகிறது. சர்க்கரை நோய்க்கான எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை ஒன்று, காப்புரிமை இருந்த காலத்தில் ஏறத்தாழ 60 ரூபாய்க்கு விற்றது. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் பல இந்திய நிறுவனங்கள் அதே மருந்தை மிகக் குறைந்த விலையில், சில பத்து ரூபாய்க்கும் குறைவாக, கொண்டுவந்தன. செய்தித்தாள் படிக்காத ஒரு நோயாளி, பழைய சீட்டையே காட்டி வாங்கிக்கொண்டிருந்தால், இந்த மாற்றம் நடந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது. கடைக்காரர் தாமாகச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம், ஆனால் மாற்றித் தர முடியாது. மருந்து விதிகள், 1945-இன் 65-ஆவது விதி, எச் அட்டவணையில் உள்ள, அதாவது சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய, மருந்துக்கு மருத்துவர் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுப்பதைத் தடை செய்கிறது. பிராண்டின் பெயரில் அல்லாமல் மூலப்பெயரில், அதாவது உள்ளிருக்கும் மருந்துப் பொருளின் பெயரில், சீட்டு எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த ஒழுங்குமுறை, அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. மருத்துவர் பிராண்டை எழுதுகிறார், மருந்தாளுநர் அதை மாற்றக் கூடாது, பணம் கொடுப்பவரிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் இப்போதைய நிலை.

ஆகையால் விலையைக் கேட்க வேண்டிய முதல் இடம் மருத்துவரின் அறை. "இதே மருந்து குறைந்த விலையில் இருந்தால் வாங்கிக்கொள்ளலாமா, மூலப்பெயரையும் சீட்டில் எழுதித் தருவீர்களா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால் போன்றவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். வலிப்பு நோய், தைராய்டு, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், உறுப்பு மாற்றத்துக்குப் பின் தரும் மருந்துகள் ஆகியவற்றில் மட்டும் மருத்துவருக்குத் தெரியாமல் கம்பெனியை மாற்றவே கூடாது. மற்றபடி, விலை குறைவு என்பதால் வீரியம் குறைவு என்று சொல்வதற்கு ஆதாரமில்லை; விலை அதிகம் என்பது தரத்துக்குச் சான்றும் ஆகாது.

என் தொழிலில் இருப்பவர்கள் வெளியே பேச விரும்பாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரே நிறுவனம் ஒரே மருந்தை இரு வழிகளில் விற்பது உண்டு. ஒன்று, ரெப் எனப்படும் நிறுவனப் பிரதிநிதி மூலம் மருத்துவரிடம் அறிமுகம் செய்து விற்பது. இதில் கடைக்காரரின் லாபம் ஓரளவு நிலையானது. மற்றொன்று, ரெப் இல்லாமல் மொத்த வியாபாரி வழியாக நேரே கடைக்கு வரும் டிரேட் ஜெனரிக். இதில் அச்சிட்ட விலை பிரபலமான பிராண்டுக்கு அருகிலேயே இருக்கும். கடையின் கொள்முதல் விலையோ அதில் ஒரு சிறு பங்காக இருக்கும். வாசலில் பெரிய எழுத்தில் தள்ளுபடி அறிவிக்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். நூறு ரூபாய் என்று அச்சிட்ட அட்டையை ஐம்பதுக்குத் தருகிறவர், நாற்பது ரூபாய் என்று அச்சிட்டதைத் தள்ளுபடியே இல்லாமல் தருகிறவரைவிட உங்களிடம் அதிகம் வாங்குகிறார். தள்ளுபடி விழுக்காட்டைப் பார்க்காதீர்கள். மாத்திரை ஒன்றுக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள். ஒரு கம்பெனி அட்டையில் 10 மாத்திரையும் இன்னொன்றில் 15-உம் இருப்பதால், அட்டை விலைகளை அப்படியே ஒப்பிடுவதும் தவறான முடிவையே தரும்.

அட்டையில் அச்சிட்ட விலையே முடிவானது என்பதும் சரியல்ல. நிறுவனம் வெளியிட்டு நடப்பில் உள்ள விலைப்பட்டியலில் இருக்கும் விலை, அட்டையில் இருக்கும் விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று விலைக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. ஏட்டில் மட்டும் இருப்பதாகத் தோன்றும் இந்த வரிக்கு 2025 செப்டம்பர் 22 அன்று உயிர் வந்தது. பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி அன்று 12-இலிருந்து 5 விழுக்காடானது. சில உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லாமல் போனது. ஏற்கெனவே சந்தைக்கு வந்துவிட்ட அட்டைகளைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சிடத் தேவையில்லை, திருத்திய விலைப்பட்டியல் மூலம் கடையில் புதிய விலையை உறுதி செய்தால் போதும் என்று விலை நிர்ணய ஆணையம் அனுமதித்தது. அதாவது 12 விழுக்காடு வரியோடு 112 ரூபாய் என்று அச்சிட்ட அட்டையின் புதிய விலை 105 ரூபாய். அட்டையில் இருப்பதைத்தானே கேட்கிறோம் என்ற கடைக்காரரின் பதில், அந்தப் பழைய இருப்பைப் பொறுத்தவரை செல்லாது. அச்சிட்ட விலையில் வரியும் அடங்கியிருப்பதால், அதற்கு மேல் வரி என்று தனியாகச் சேர்ப்பதற்கும் இடமில்லை.

அந்த விலைப்பட்டியலை யார் கேட்டாலும் பார்க்கும்படி கடையில் வைத்திருக்க வேண்டும் என்பதும் ஆணையில் உள்ள கடமைதான். நடைமுறையில் அது கணினிக்குள்ளோ, மேசைக்கு அடியில் ஒரு கோப்பிலோ இருக்கிறது. கேட்பவர் இல்லாததால் காட்டுபவரும் இல்லை. கேட்பவர் கூடினால் இது மாறும் என்பது என் எண்ணம். கடை வரை போகாமலேயே பார்க்க, விலை நிர்ணய ஆணையத்தின் ஃபார்மா சஹி தாம் என்ற கைப்பேசிச் செயலி இருக்கிறது. அதில் மருந்தின் பெயரைக் கொடுத்தால் உச்சவரம்பு விலையையும் அதே உள்ளடக்கம் கொண்ட மற்ற பிராண்டுகளின் விலையையும் காணலாம். 2023 ஆகஸ்டு முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் அட்டையில் கட்டாயமாக்கப்பட்ட கியூஆர் குறியீடு, தொகுதி எண், உற்பத்தியாளர் போன்ற விவரங்களைத் தருவதற்கானது. விலை அதில் கட்டாயமில்லை. அதையும் சேர்த்திருக்கலாம்.

உதிரியாக நான்கு மாத்திரை வாங்கினால், அட்டை விலையை வகுத்து வரும் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. வெட்டித் தரும் துண்டில் விலையும் காலாவதித் தேதியும் இல்லையென்றால், முழு அட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்களுக்கு மாற்று வழிகள் இல்லாமலில்லை. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும், தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும் மூலப்பெயரில் விற்கின்றன. அங்கே போகும்போது பிராண்டின் பெயரை மட்டும் சொன்னால் பயனில்லை. அட்டையில் உள்ள மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் குறித்துக்கொண்டு போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

உள்நோயாளியாகத் தனியார் மருத்துவமனையில் சேர்ந்தவரின் நிலை இதைவிடக் கடினமானது. அவர் விலையைக் கேட்கும் நிலையிலேயே இருப்பதில்லை. 2018-இல் தில்லி வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனை பில்களை விலை நிர்ணய ஆணையம் ஆராய்ந்தபோது, சில பொருள்களில் கொள்முதல் விலைக்கு மேல் 1,700 விழுக்காட்டையும் தாண்டிய லாபம் தெரியவந்தது. மருத்துவமனைக்குள் உள்ள மருந்தகத்திலேயே வாங்கக் கட்டாயப்படுத்துவது குறித்த வழக்கில், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தானாக உத்தரவு எதையும் விதிக்காமல், கொள்கை வகுக்கும் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டுவிட்டது. அந்தக் கொள்கை வரும்வரை, மருந்து வாரியாகப் பிரித்த பில்லை அன்றன்றே கேட்டு வாங்குவதுதான் குடும்பத்தினரால் செய்யக்கூடியது.

கூடுதல் விலை வாங்கியதாகத் தோன்றினால், மருந்தின் பெயர், தொகுதி எண், கடையின் உரிம எண் ஆகியவை உள்ள பில்லோடு மாவட்ட மருந்து ஆய்வாளரிடமோ, விலை நிர்ணய ஆணையத்திடமோ புகார் செய்யலாம். ஆனால் ஆணையம் நிறுவனத்திடமிருந்து வட்டியோடு வசூலிக்கும் தொகை அரசுக்குத்தான் போகும். உங்கள் பணம் உங்களுக்குத் திரும்ப வேண்டுமானால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலோ மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலோ தனியாக முறையிட வேண்டும். அங்கும் முதலில் கேட்கப்படுவது அந்தப் பில்தான்.