மொட்டைக் கடுதாசில என்னென்ன ஒட்டிக்கிட்டு வருது

சிங்கப்பூர்ல எச்டிபிங்கிற அரசாங்க அடுக்குமாடி புளோக்ல இருக்கிறவங்களுக்கு மொட்டைக் கடுதாசி ஒண்ணும் புதுசு இல்ல. சட்டவிரோதமா வட்டிக்குக் குடுக்கிற கடன்முதலைங்க லெட்டர் பாக்ஸ்ல போட்டுட்டுப் போற மிரட்டல், ராத்திரில நாற்காலி இழுக்கிற சத்தம் தாங்கலன்னு யாரோ கேட்ல செருகிட்டுப் போற வசவு, ஆபீஸ்ல ஒருத்தரப் பத்தி பாஸுக்குப் போட்டுக்குடுக்கிற லெட்டர். பேர் இருக்காது, எல்லாம் பிரிண்டர்ல அடிச்சிருக்கும், அனுப்பினவரு தப்பிச்சாச்சுன்னு நிம்மதியாத் தூங்குவாரு. இந்த மாதிரித் தொல்லை 2014ல வந்த தொல்லைத் தடுப்புச் சட்டத்துல மாட்டலாம், சரி, ஆனா ஆளக் கண்டுபிடிச்சாத்தானே சட்டம். அதுக்கு அந்தப் பேப்பர்ல விரல் ரேகையும் டிஎன்ஏவும் தேட லேப்ல என்ன பண்றாங்கங்கிறதுதான் எனக்கு சுவாரசியமான விஷயம்.

முதல்ல சீரியல்ல ரேகை எடுக்க வர்ற பவுடர் பிரஷ்ஷ மறந்துடுங்க. கண்ணாடி, கதவுக் கைப்பிடி மாதிரி வழவழன்னு இருக்கிற இடத்துக்கு அது சரி, ஏன்னா அங்க விரல்ல இருந்து பட்டது மேலாகவே நிக்கும், பவுடர் போய் ஒட்டிக்கும். பேப்பர் உறிஞ்சிடும். கொஞ்ச நேரத்துலயே எல்லாம் உள்ள இறங்கிடும், அதுக்கப்புறம் கெமிஸ்ட்ரிதான் வழி.

விரல் நுனில எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது, வேர்வைச் சுரப்பி மட்டும்தான். மூஞ்சியத் தொடச்சு தலையக் கோதுறோம்ல, அப்பதான் எண்ணெய் விரலுக்கு வருது. வேர்வைல கிட்டத்தட்ட முழுசும் தண்ணி, மிச்சம் இருக்கிற துளில உப்பு, யூரியா, அமினோ அமிலம் இதெல்லாம். இதுல உப்பை நம்ப முடியாது, காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கிட்டு பேப்பருக்குள்ளயே பரவி ரேகையோட கோட்ட கலைச்சிடும், அதனால உப்பைப் பிடிக்கிற பழைய சில்வர் நைட்ரேட் முறை வருஷம் பூரா ஈரப்பதம் 80 சதவீதத்த ஒட்டியே இருக்கிற சிங்கப்பூருக்கு சுத்தமா ஒத்து வராது. அமினோ அமிலம் வேற ஜாதி. பேப்பர்னா செல்லுலோஸ், அதுல ஒட்டிக்கிச்சுன்னா வெள்ளை வேட்டில பட்ட மஞ்சக் கறை மாதிரி எடத்த விட்டு நகராது (பருத்தி வேட்டியும் செல்லுலோஸ்தானே). பேப்பர் நனையாம இருந்தா வருஷக்கணக்கா அப்படியே கெடக்கும்.

இதைக் காட்டிக்குடுக்கிறது நின்ஹைட்ரின். 1910ல கேம்பிரிட்ஜ்ல சீக்ஃப்ரீட் ரூஹெமான்னு ஒரு கெமிஸ்ட் வேற ஒண்ணு செய்யப் போக இது கெடச்சுது, அமினோ அமிலத்தோட சேர்ந்தா ஊதாக் கலர் வருதுன்னும் அவரே கவனிச்சாரு. அந்த ஊதாவுக்கு இன்னைக்கும் அவர் பேருதான். அப்புறம் நாப்பது வருஷத்துக்கு மேல லேப்ல இருக்கிறவங்க இத வச்சு அமினோ அமிலம் சோதிச்சாங்க, கை பட்ட எடமெல்லாம் ஊதாவாகுதேன்னு எரிச்சல்பட்டாங்க, ஆனா அந்தத் தொல்லையே உபயோகமாகுமேன்னு 1954லதான் ஸ்வீடன்ல ஓடேன், ஃபொன் ஹோஃப்ஸ்டன்னு ரெண்டு பேரு சொன்னாங்க. எனக்கு இந்தக் கதைல ரொம்பப் பிடிச்சது அந்த நாப்பது வருஷம்தான்.

நடக்கிறது என்னன்னா, ரெண்டு நின்ஹைட்ரின் மூலக்கூறு சேர்ந்து அமினோ அமிலத்துல இருக்கிற நைட்ரஜன மட்டும் உருவி நடுவுல வச்சுக்குது, அந்தப் புதுப் பொருள்தான் ஊதா. நைட்ரஜன்தான் முக்கியம்ங்கிறதால எந்த அமினோ அமிலமா இருந்தாலும் பெரும்பாலும் ஒரே கலர்தான் வரும். இங்க் ஓடாத கரைசலா பாத்து அதுல பேப்பர முக்கி எடுத்து, காய வச்சு, 80 டிகிரி சூடும் 65 சதவீத ஈரப்பதமும் இருக்கிற அலமாரில வச்சா கொஞ்ச நிமிஷத்துல கோடு கோடா ரேகை மேல வரும். இந்த ரசாயன வேலைக்கு ஈரம் கண்டிப்பா வேணும். ஆனா இதுக்கு முன்னாடி போடுற டிஎஃப்ஓங்கிற இன்னொரு மருந்துக்கு நேர் எதிர், 100 டிகிரி வறண்ட சூடுல 20 நிமிஷம். அதுல கலர் லேசாத்தான் தெரியும், ஆனா பச்சை வெளிச்சம் அடிச்சு, ஆரஞ்சு இல்லாட்டி சிவப்புக் கண்ணாடி வழியாப் பாத்தா ரேகை ஜொலிக்கும், நின்ஹைட்ரின்ல தெரியாததுகூடத் தெரியும். இப்ப நெறைய லேப்ல இண்டேன்டயோன்ங்கிற இன்னொரு மருந்தோட துத்தநாகம் சேர்த்து அதே வேலையச் செய்றாங்க. கடை ரசீதுக்குப் பின்னாடி எழுதின கடுதாசின்னா இந்தச் சூடெல்லாம் ஆகாது, அது தெர்மல் பேப்பர், மொத்தமாக் கருத்துப் போயிடும், அதுக்குத் தனி வழி வச்சிருக்காங்க.

மழைல நனஞ்ச லெட்டர்னா? டிசம்பர் மழைல லெட்டர் பாக்ஸுக்குள்ள தண்ணி புகுந்துச்சுன்னா அமினோ அமிலம் கரைஞ்சு போயிடும், நின்ஹைட்ரின் கைய விரிச்சிடும். ஆனா எண்ணெய் தண்ணில கரையாது. அதப் பிடிக்க ஃபிசிக்கல் டெவலப்பர்னு ஒரு வெள்ளிக் கரைசல் இருக்கு, ரேகை இருக்கிற எடத்துல வெள்ளி பொடிப்பொடியாப் படிஞ்சு சாம்பல் கலர்ல கோடு தெரியும். ஒரே சிக்கல், இப்ப வர்ற பேப்பர்ல சுண்ணாம்பு கலந்திருக்கும், அத முதல்ல ஆசிட்ல ஊறவச்சு எடுக்கலன்னா முழுப் பேப்பரும் கருத்து எல்லாம் வீணாயிடும்.

இவ்ளோ மருந்து இருக்கிறதுனால எத முதல்ல போடுறதுங்கிறதுலதான் லேபோட கெட்டிக்காரத்தனம். ஒரு சோதனை அடுத்ததக் கெடுக்கக்கூடாது. முதல்ல போட்டோ, பலவித வெளிச்சத்துல பாக்கிறது. அப்புறம் எஸ்டா, இது 1970கள் கடைசில லண்டன்ல கண்டுபிடிச்ச மெஷின். நோட்டுப் புத்தகத்துல மேல் பக்கத்துல பேனா அழுத்தினது அடிப் பக்கத்துல பள்ளமாப் பதியும்ல, பேப்பர் மேல மெல்லிசா பிளாஸ்டிக் படலத்த விரிச்சு அதுல மின்சாரம் ஏத்தி, போட்டோகாப்பி மெஷின்ல போடுற கருப்புத் தூளத் தூவினா அந்தப் பள்ளத்துல போய்ச் சேந்து எழுத்து தெரியும். இங்கிலாந்துல செய்யாத குண்டுவெடிப்புக்காக 16 வருஷம் உள்ள இருந்த பர்மிங்ஹாம் ஆறு பேரு 1991ல வெளிய வந்தாங்களே, போலிஸ் எழுதின குறிப்பு சந்தேகத்துக்கு வந்ததுல எஸ்டாவுக்கும் பங்கு உண்டு. பேப்பர் நனஞ்சிட்டா இது வேலைக்காகாது, அதான் முன்னாடியே செஞ்சிடுறாங்க. அப்புறம் டிஎஃப்ஓ, நின்ஹைட்ரின், கடைசியா வெள்ளி. வெள்ளிக்கப்புறம் பேப்பர்ல எடுக்க ஒண்ணும் மிச்சமிருக்காது.

டிஎன்ஏவ எங்க நுழைக்கிறதுங்கிறது கேஸப் பொறுத்தது. கவர் வாய், ஸ்டாம்ப் பின்பக்கம் நக்கி ஒட்டியிருந்தா யோகம்தான், எச்சில்ல கன்னத்து உட்பக்கச் செல்லு ஏராளம், கோந்துக்கு நடுவுல வெளிச்சம் படாம பத்திரமா இருக்கும். எச்சில்தானான்னு பாக்க அமைலேஸ் சோதனை, நம்ம வாயில மாவுச்சத்த உடைக்கிற அதே என்சைம்தான். ஒரு செல்லுல இருக்கிற டிஎன்ஏ ஆறு, ஏழு பிகோகிராம்தான் (ஒரு கிராம்ல லட்சம் கோடில ஒரு பங்குதான் ஒரு பிகோகிராம்), ஆனா 1980கள்ல கேரி முல்லிஸ்னு ஒரு விஞ்ஞானி யோசிச்ச பிசிஆர்ங்கிற முறை, ஒவ்வொரு சுத்துக்கும் அத ரெட்டிப்பாக்கிக்கிட்டே போகும், 28, 30 சுத்துல கோடிக்கணக்குல பிரதி. அதனால ஒரு நானோகிராம்கூட (ஆயிரம் பிகோகிராம்) இல்லாட்டியும் ஒருத்தரோட அடையாளம் எடுத்துடலாம். இப்ப நக்காமலே ஒட்டுற ஸ்டாம்ப், தானா ஒட்டிக்கிற கவர்தானேன்னு கேப்பீங்க. நெஜம், எச்சில் கெடைக்கிறது கொறஞ்சிடுச்சு. ஆனா பிசின் பக்கத்துல விரல் படாம ஸ்டாம்ப உரிச்சு ஒட்டிப் பாருங்க, செலோடேப்ப ஒட்டிப் பாருங்க. ரேகையும் தோல் செல்லும் பிசின்ல நல்லாவே மாட்டும், கையுறை போட்டவன்கூட டேப் நுனிய உரிக்க முடியாம பெரும்பாலும் அதக் கழட்டிட்டுதான் உரிப்பான்.

1997ல ஆஸ்திரேலியாவுல தொட்ட பொருள்ல இருந்தே டிஎன்ஏ எடுக்கலாம்னு காட்டினாங்க, அதுலேர்ந்துதான் குழப்பமும் கூடிச்சு. நீங்க எனக்குக் கை குடுத்துட்டு, நான் போய் ஒரு பேப்பரத் தொட்டா உங்க டிஎன்ஏ அதுல இருக்க வாய்ப்பிருக்கு. ரேகை அப்படித் தாவாது, ஆனா ரேகைல தேதி கிடையாது. பேப்பர் கட்டப் பிரிச்சவரு, போஸ்ட்மேன், கவரப் பிரிச்ச உங்க அம்மா எல்லாரும் அதுல இருப்பாங்க. அதனால ரேகை கெடச்சிடுச்சுன்னா ஆளே கெடச்சிட்டான்னு துள்ளுறது எனக்குச் சரியாப் படல. தொட்டவருன்னு மட்டும்தான் சொல்லலாம்.

ஒப்பிட ஒரு ரேகை வேணும்ல. நம்ம அடையாள அட்டைக்குப் பின்னாடியே கட்டைவிரல் ரேகை இருக்கு, அத ஒரு நாளாவது உத்துப் பாத்திருக்கீங்களா? டிஎன்ஏவுக்கு 2003லேர்ந்து இங்க குற்றவாளிகளுக்கான தரவுத்தளம் இருக்கு, டிஎன்ஏவ எடுத்துக் குடுக்கிறது எச்எஸ்ஏங்கிற அரசாங்க சுகாதார அறிவியல் ஆணையத்தோட லேப். இதுவரைக்கும் எந்த வம்புலயும் மாட்டாத ஆளு எழுதியிருந்தா அந்தத் தரவுத்தளத்துல தேடினாலும் ஒண்ணும் வராது, சந்தேகப்படுற ஆள் ஒருத்தர் இருந்தாத்தான் ஒப்பிட முடியும்.

உங்களுக்கே ஒண்ணு வந்துச்சுன்னா, படிச்சு முடிச்சதும் ஓரத்தப் பிடிச்சு ஒரு பெரிய காகிதக் கவர்ல போடுங்க, பிளாஸ்டிக் பை வேணாம், ஈரம் தங்கிப் பூஞ்சை வந்தா டிஎன்ஏ போச்சு. லெட்டர் வந்த கவரையும் தூக்கிப் போட்டுடாதீங்க, பல நேரம் லெட்டர விட அதுலதான் சரக்கு. அது மேல வச்சு வேற எதையும் எழுதாதீங்க, எஸ்டால உங்க எழுத்தும் சேந்து வந்துடும். அக்கம்பக்கத்துல காட்டணும்னா போன்ல ஒரு படம் எடுத்துக் காட்டுங்க, யார் யார் கை பட்டுச்சுன்னு ஒரு துண்டுச் சீட்டுல குறிச்சு போலிஸ்கிட்ட சேத்துக் குடுங்க, அவங்க ரேகையத்தான் முதல்ல கழிப்பாங்க.