தேர்தல் முடியும்வரை தாக்குப்பிடித்த பெசோ

டாலருக்கு இன்ன விலை என்று ஓர் அரசு தன் நாணயத்தைப் பிடித்து வைத்திருந்தால், அந்தப் பிடியின் வலு மத்திய வங்கியின் டாலர் கையிருப்புதான். டாலர் கேட்டு வருபவருக்கெல்லாம் அதே விலையில் கொடுத்தாக வேண்டும். நாளை யார் ஆளப்போகிறார், இந்த விலையைக் காப்பாற்றுவாரா என்ற சந்தேகம் எழுந்ததும் கேட்பவர் கூட்டம் பெருகும்.

1994இல் மெக்சிகோவில் இதுதான் நடந்தது. ஜனவரி 1 அன்று சியாபாஸில் ஆயுதக் கிளர்ச்சி. மார்ச் 23 அன்று ஆளுங்கட்சியின் அதிபர் வேட்பாளர் கொலோசியோ, திஹுவானாவில் பிரசாரக் கூட்டத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதற்கு முன்பு சுமார் 2,900 கோடி டாலராக இருந்த கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கு சில வாரங்களில் கரைந்தது.

மெக்சிகோவின் நாணயமான பெசோவின் மதிப்பை அப்போதே கொஞ்சம் இறக்கியிருக்கலாம். ஆனால் ஆகஸ்டில் தேர்தல். மதிப்பை இறக்கினால் விலைவாசி ஏறும், வாக்காளர் கோபப்படுவார். அதனால் அரசு 'டெசோபோனோ' என்ற குறுகிய காலக் கடன்பத்திரத்தை விற்றுக் குவித்தது. பணம் கைமாறுவது பெசோவில், கணக்கு மட்டும் டாலரில். பெசோ விழுந்தால் முதலீட்டாளருக்கு நட்டமில்லை. முழுச் சுமையும் அரசின் தலையில். நெருக்கடி பிறந்த இடம் இதுதான் என்பேன். சில மாதம் நாள் கடத்துவதற்காக நாடே டாலர் கடனாளி ஆனது.

ஆளுங்கட்சி வென்றது. டிசம்பர் 1இல் செடில்லோ புதிய அதிபராகப் பதவியேற்றார். 20ஆம் தேதி, பெசோ எதுவரை விழலாம் என்று வைத்திருந்த வரம்பை 15 சதவீதம் தளர்த்தினார்கள். இரண்டே நாளில் பிடியையே விட்டார்கள். அப்போது கையிருப்பு சுமார் 600 கோடி டாலர். டெசோபோனோ பாக்கியோ அதைப்போல் பல மடங்கு.

அடி அடுத்து வங்கிகளுக்கு. பெசோவைத் தாங்க வட்டியை ஏற்றியதில், 1995 ஏப்ரலில் அரசுப் பத்திரங்களின் வட்டியே ஆண்டுக்கு 70 சதவீதத்தைத் தாண்டியது. மாறும் வட்டியில் வீட்டுக்கடன் வாங்கியவரை எண்ணிப் பாருங்கள்: அசலில் ஒரு பெசோகூடக் குறையாமல், ஆயிரத்துக்கு வருஷ வட்டி மட்டும் எழுநூறுக்கு மேல். அவரால் கட்ட முடியவில்லை. வங்கியின் ஏட்டில் அது வாராக்கடன் ஆனது. கடைசியில் அந்தக் கடன்களின் சுமை வரி கட்டுவோர்மீது இறங்கியது.

துருக்கியில் பொறி இன்னும் சிறியது. 2001 பிப்ரவரி 19 அன்று ஒரு கூட்டத்தில் அதிபர் செசெர் அரசியலமைப்புப் புத்தகத்தைப் பிரதமர் எசெவிட்டை நோக்கி வீசினார். எசெவிட் வெளியே வந்து, இது அரசு நெருக்கடி என்று அறிவித்தார். வங்கிகள் ஒரே ராத்திரிக்கு வாங்கும் கடனுக்கான வட்டி ஆண்டுக் கணக்கில் ஆயிரக்கணக்கான சதவீதம் ஏறியது. அதுவரை பிடித்து வைத்திருந்த தங்கள் நாணயமான லிராவை 22ஆம் தேதி சந்தையின் போக்குக்கு விட்டார்கள். அந்த ஒரு ராத்திரிக் கடனை நம்பியே பிழைத்தவை அரசு வங்கிகள். அடுத்தடுத்து வந்த அரசுகள் விவசாயிகளுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் அவற்றின் வழியாக மலிவுக் கடன் கொடுத்துவிட்டு, அந்த நட்டத்தை ஈடுகட்டாமலே விட்டிருந்தன.