விகிதத்தைப் புரட்டினால் தீர்ப்பும் புரளுமா?

பழைய முறையில் செய்த 1,000 பொருட்களில் 30 பழுது. புதிய முறையில் 1,000-க்கு 18. 18-ஐ 30-ஆல் வகுத்தால் 0.6. பழுது 40 சதவீதம் குறைந்துவிட்டது என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் இன்னொரு 1,000 செய்தால் அந்த 18, 25 ஆகலாம், 12-ம் ஆகலாம். இந்த ஆட்டத்தைக் கணக்கில் எடுத்து 0.6-க்கு இருபுறமும் போடும் எல்லைதான் நம்பிக்கை இடைவெளி.

சறுக்கல் அந்த எல்லையில்தான். 0.6-இன் திட்டப் பிழை, அதாவது அது வழக்கமாக ஆடும் அளவு, சுமார் 0.177. 95 சதவீத இடைவெளிக்கு வழக்கம்போல அதை 1.96-ஆல் பெருக்கிக் கூட்டிக் கழித்தால் 0.25 முதல் 0.95 வரை. 1 என்றால் இரு முறைக்கும் வித்தியாசமில்லை. அந்த 1 உள்ளே இல்லை, புதிய முறைக்கு வெற்றி. இப்போது 30-ஐ 18-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1.67, இடைவெளி 0.70 முதல் 2.63. இதில் 1 உள்ளே வந்துவிட்டது! எண்கள் அதேதான், தீர்ப்பு மட்டும் தலைகீழ்.

பாதியாவது 0.5, இரு மடங்காவது 2. இரண்டும் ஒரே அளவு மாற்றம்தான். ஆனால் 1-இலிருந்து ஒன்று அரை தூரத்திலும் மற்றது முழு தூரத்திலும் நிற்கிறது. இயல் மடக்கை (ln) எடுத்தால் −0.693, +0.693 என்று சமமாகிவிடும். அதனால் கூட்டலும் கழித்தலும் மடக்கையில்தான் நடக்க வேண்டும்.

0.6-இன் மடக்கை −0.511. அதன் திட்டப் பிழைக்கு 1/18 + 1/30 − 1/1000 − 1/1000 என்று கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.295. 1.96-ஆல் பெருக்கினால் 0.578. எல்லைகள் −1.089, 0.067. மடக்கையிலிருந்து திருப்பினால் 0.34 முதல் 1.07. விகிதத்தைப் புரட்டினால் 0.94 முதல் 2.97, இரண்டிலும் 1 உள்ளேதான். வெற்றி அறிவிக்க இந்தத் தரவு போதாது.

அந்தக் கூட்டலில் கனமான உறுப்பு 1/18. 1/1000 கிட்டத்தட்ட எடையே இல்லாதது. துல்லியத்தைத் தருவது சோதித்த பொருட்களின் எண்ணிக்கையைவிட, அகப்பட்ட பழுதுகளின் எண்ணிக்கைதான். சோதனையை நான்கு மடங்காக்கி 4,000-க்கு 72, 120 என்று வந்திருந்தால் இடைவெளி 0.45 முதல் 0.80 ஆகியிருக்கும். அப்போதும் 1-உடன் மட்டும் ஒப்பிட்டு நிறுத்தக் கூடாது. பழுது 10 சதவீதமாவது குறைந்தால்தான் மாற்றும் செலவு கட்டுபடியாகும் என்றால், மேல் எல்லை 0.9-க்குக் கீழே வர வேண்டும்.

ஒரு பக்கம் பழுதே இல்லையென்றால் மடக்கை எடுக்க முடியாது. இரு பக்கத்திலும் பழுது, நல்லது என்று வரும் நான்கு எண்ணிக்கைகளிலும் 0.5 கூட்டுவது ஒரு ஒட்டுவேலை, அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக்கு மட்டும் மேல் எல்லை போதுமென்றால் 3-ஐ மாதிரி அளவால் வகுக்கலாம்: 300-இல் பூஜ்யம் என்றால் சுமார் 1 சதவீதம். இணையதளச் சோதனைகளில் ஒரே ஆளின் பல கிளிக்குகளைத் தனித்தனி ஆட்கள்போல எண்ணுவது வேறு கோளாறு. இடைவெளி பொய்யாகச் சுருங்கிவிடும்.

சராசரிகளின் விகிதத்துக்கு, உதாரணமாக ஒரு அலகு பலனுக்கு ஆகும் செலவுக்கு, புள்ளியியலாளர் ஃபீல்லர் 1954-இல் விளக்கிய முறை உண்டு. பலனின் சராசரி 2, திட்டப் பிழை 1.2 என்றால் அதன் இடைவெளி −0.35 முதல் 4.35, பூஜ்யம் உள்ளே இருக்கிறது. இங்கே அந்த முறை இரு முனையும் மூடிய எல்லையைத் தராது. மென்பொருள் கெட்டுப்போகவில்லை: வகுக்கும் எண் பூஜ்யமாகவே இருக்கலாம் எனும்போது, விகிதம் எவ்வளவு பெரியதாகவும் போகலாம்.